ஆரல் மீனுக்கு இயற்கைத் தொட்டி: மணலில் இருந்து தொடங்கும் அமைப்பு

ஆரல் மீனை வாங்கும் பலர், தொட்டியின் அடியில் தேங்கும் மிச்ச உணவைத் தின்று சுத்தம் செய்யும் என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். வண்ணக் கற்கள் பரப்பிய தொட்டியில் அதை விடுவார்கள். நாலு நாள் மூலையில் நெளியும், பிறகு வடிகட்டியின் பின்னால் ஒளிந்துகொள்ளும். இரண்டு மாதத்தில் மெலிந்து செத்துப்போகும், இல்லையென்றால் ஒருநாள் காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். ஆரலைக் குறை சொல்வதில் பயனில்லை. அந்த மீனுக்குத் தேவையான ஒரே பெரிய பொருள் அந்தத் தொட்டியில் இல்லை. அது மணல்.

ஆரல் நீந்தித் திரிகிற மீன் அல்ல, புதைந்து வாழ்கிற மீன். மெதுவாக ஓடும் ஆற்றின் ஓரம், கால்வாய், ஏரி, குளம், மழைக்காலத்தில் நீர் நிற்கும் வயல் என மென்மையான அடித்தளம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கே பகலெல்லாம் மணலுக்குள்ளோ வேர்களுக்கு அடியிலோ கிடக்கும். இருட்டியதும் இரை தேடி வெளியே வரும். தொட்டி அமைக்கும்போது இதிலிருந்துதான் எல்லா முடிவும் பிறக்க வேண்டும். ஒளிய நல்ல இடம் கிடைத்த ஆரல்தான் வெளியே அதிகம் வரும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மணலையும் மறைவிடங்களையும் குறைத்தால், பயத்தில் அது சாப்பிடுவதையே நிறுத்திவிடும்.

எந்த மீன் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

கடைகளில் 'ஈல்' என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒன்றல்ல. ஆரல் உண்மையான விலாங்கு இனமே கிடையாது. அது மாஸ்டசெம்பெலிடே என்ற தனிக் குடும்பம். முதுகில் துடுப்புக்கு முன்னால் சிறு முட்கள் தனித்தனியாக வரிசையில் நிற்கும். கையில் பிடித்தால் குத்தும், வலையில் சிக்கினால் மாட்டிக்கொள்ளும். விலாங்கு வேறு. அது ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும் மீன். ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய அதை வீட்டுத் தொட்டிக்குப் பரிந்துரைக்க முடியாது. 'நன்னீர் மோரே' என்று சொல்லி விற்கப்படுவது மூன்றாவது வகை. உண்மையில் அது கழிமுகத்து உவர்நீரில் வாழ்வது. வெறும் நன்னீரில் சில மாதங்கள் தாக்குப்பிடித்துவிட்டு, உணவை மறுத்துச் சாகும்.

ஆரல்களுக்குள்ளும் அளவு பெரிதும் மாறுபடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றவை மேக்ரோக்நாதஸ் பேரினத்துச் சிறிய ஆரல்கள். நம் நாட்டு நீர்நிலைகளில் உள்ள மேக்ரோக்நாதஸ் பங்கேலஸ் ஏறத்தாழ 18 செ.மீ. வரை வளரும். தாய்லாந்துப் பக்கத்திலிருந்து வரும் 'பீகாக் ஈல்' 30 செ.மீ. வரை போகலாம். வாலுக்கு அருகே கண் போன்ற கரும்புள்ளிகள் இருப்பதால் அந்தப் பெயர். 'டயர் டிராக் ஈல்' என்று விற்கப்படும் மாஸ்டசெம்பெலஸ் ஆர்மேட்டஸ் நம் ஆறுகளிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. கடையில் விரல் நீளத்தில் இருக்கும் அது, இயற்கையில் 90 செ.மீ. வரை வளரும். சிவப்புக் கோடுகளுடன் மின்னும் 'ஃபயர் ஈல்' அதைவிடப் பெரியது, ஒரு மீட்டரைத் தொடும். இந்த இரண்டையும் ஆறடித் தொட்டியும் அனுபவமும் இல்லாமல் வாங்காதீர்கள். குட்டியின் அழகில் மயங்கி வாங்கினால் பிறகு எங்கே கொண்டுபோய் விடுவது? வெளிநாட்டு மீனை ஆற்றிலோ ஏரியிலோ விடுவது எந்த நிலையிலும் கூடாது.

தொட்டியின் அளவு

ஆரலுக்கு உயரத்தால் பயனில்லை, தரைப்பரப்புதான் முக்கியம். பங்கேலஸ் ஒன்றிரண்டுக்கு 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம் போதும். பீகாக் போன்றவற்றுக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வேண்டும். இந்த நாலடித் தொட்டியை வைத்தே கீழே கணக்குச் சொல்கிறோம். முழுக்க நிரப்பினால் சுமார் 240 லிட்டர் பிடிக்கும். மணலுக்கும் மேலே விட வேண்டிய இடைவெளிக்கும் போக, உண்மையில் 170 லிட்டர் அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கும். மருந்தளவு கணக்கிடும்போது இந்த இரண்டாவது எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்த்து எடை 300 கிலோவைத் தாண்டும். தாங்கும் மேடை ரசமட்டம் பார்த்து வைக்கப்பட்டிருக்க வேண்டும், தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் பலகை ஒன்று இருக்க வேண்டும்.

மணல்

துகள்கள் அரை மில்லிமீட்டர் முதல் 1 மில்லிமீட்டர் வரை, முனை மழுங்கி உருண்டையாக இருப்பதே நல்ல மணல். கைப்பிடி அளவு எடுத்து, ஈரத்தோடு உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். உறுத்தினால் ஆரலுக்கும் உறுத்தும். இப்போது கட்டுமானத்துக்கு எங்கும் கிடைக்கும் எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்வது. அதன் விளிம்புகள் கூர்மையானவை. ஆரலின் செதில்கள் மிகச் சிறியவை, உடலைக் காப்பது பெரும்பாலும் வழவழப்பான கோழைப்படலம்தான். கூர்மணலில் புதையும்போது அந்தப் படலம் கிழிந்து, வயிற்றிலும் மூக்கிலும் சிவந்த கீறல்கள் வரும், அதில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பிடிக்கும். சரளைக்கல்லிலும் இதே கதைதான். கடல் மணலும் வேண்டாம். அதிலுள்ள சிப்பித்தூள் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் ஏற்றிக்கொண்டே இருக்கும்.

சலித்த ஆற்று மணல் சிறிதளவு கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் நீச்சல்குள வடிகட்டிகளுக்கென விற்கப்படும் சிலிக்கா மணலை வாங்கலாம். எதை வாங்கினாலும் ஒரு கரண்டி உலர்ந்த மணலில் வினிகர் சில சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று பொருள், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆழம் 7 செ.மீ. இருக்கட்டும். நாலடித் தொட்டிக்கு ஏறத்தாழ 60 கிலோ மணல் பிடிக்கும். வாளியில் கால் பங்குக்கு மேல் போடாமல், குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கையால் கிளறி, கலங்கலை வடித்து, தெளிந்த நீர் வரும்வரை கழுவ வேண்டும். ஒவ்வொரு வாளிக்கும் பத்துப் பன்னிரண்டு முறை கழுவ நேரலாம். இதில் அவசரப்பட்டால் தொட்டி ஒரு வாரம் மோர் நிறத்தில் நிற்கும்.

மணல் ஆழமாக இருந்தால் அடியில் காற்றுப்புகாத இடங்களில் அழுகல் வாயு சேராதா என்ற கேள்வி வரும். சேரலாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு சேரும் இடம் கண்ணாடியோரம் கருந்திட்டாகத் தெரியும், கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆரல் ஒவ்வோர் இரவும் மணலைப் புரட்டுவதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. மலேசியன் டிரம்பெட் நத்தை எனப்படும் கூம்பு வடிவ நத்தைகள் சில இருந்தால் அவையும் மணலுக்குள் புகுந்து கிளறிவிடும். ஆரல் போகாத மூலைகளை மட்டும் வாரம் ஒருமுறை மழுங்கிய குச்சியால் மெதுவாகக் கிளறிவிடுங்கள்.

கல்லும் வேரும்

இங்கே ஒரு வரிசைமுறை உண்டு, அதை மாற்றக் கூடாது. கனமான கற்களை முதலில் தொட்டியின் அடிக் கண்ணாடி மேலேயே உட்கார வைத்து, அதன் பிறகுதான் மணலைக் கொட்ட வேண்டும். கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் வலைத்துண்டு ஒன்று போதும். மணல் மேல் கல்லை வைத்தால் ஆரல் அதன் அடியில் குடையும், கல் சரியும். சரிந்த கல் ஒன்று மீனை நசுக்கும், அல்லது கண்ணாடியை உடைக்கும். கற்களை அடுக்குவதானால் சிலிக்கான் பசையால் ஒட்டி, இரண்டு நாள் உலரவிட்டு வையுங்கள். ஆற்றில் உருண்ட கூழாங்கற்களே போதும். கூர்முனை உள்ள அலங்காரக் கற்கள் ஆரல் தொட்டிக்குப் பொருந்தாது.

ஆற்றங்கரையின் தோற்றத்தைக் கொடுப்பது வேர்தான். கிளை பிரிந்த டிரிஃப்ட்வுட் ஒன்றைத் தொட்டியின் ஒருபக்கப் பின்மூலையில் நிறுத்தி, அதன் கிளைவிரல்கள் நடுப்பகுதியை நோக்கி மணலுக்குள் இறங்குமாறு சாய்த்து வையுங்கள். கரையிலிருந்து நீருக்குள் இறங்கிய மரவேர் அப்படித்தான் இருக்கும். தொட்டியின் நட்டநடுவில் வைத்தால் செயற்கையாகத் தெரியும். மரத்தை முன்னதாகவே இரண்டு மூன்று வாரம் நீரில் ஊறப்போட்டு, அவ்வப்போது தண்ணீரை மாற்றினால் அது மிதக்காது, பழுப்புச் சாயமும் குறையும். கொஞ்சம் சாயம் மிஞ்சினால் கவலை வேண்டாம், மங்கிய நீர் ஆரலுக்குப் பிடிக்கும்.

இந்த வேருக்கு அடியில் பிவிசி குழாய் ஒன்றை மறைத்து வைப்பது நல்ல ஏற்பாடு. ஒன்றேகால் அங்குலக் குழாயில் மீனின் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஒரு துண்டு வெட்டி, இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். வெளிப்புறத்தில் சிலிக்கான் பூசி, அது உலருமுன் மணலில் உருட்டி எடுத்தால் குழாய் இருப்பதே தெரியாது. இரு முனையும் திறந்திருக்க வேண்டும். ஒரு முனை அடைபட்டால் உள்ளே அழுக்குத் தேங்கும். ஒரு ஆரலுக்கு இரண்டு மறைவிடம் என்று கணக்கு வையுங்கள்.

செடி, இலை, வெளிச்சம்

மணலில் நட்ட செடி எதுவும் ஆரலிடம் தப்பாது, ஒரே இரவில் பிடுங்கி மிதக்கவிடும். அனூபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் பருத்தி நூலால் அந்த மரவேரிலும் கல்லிலும் கட்டிவிடுங்கள். அவற்றின் கிழங்கு போன்ற தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். நீளமான நாடா இலைகளுடன் நம் ஆறுகளில் வளரும் வாலிஸ்நேரியா வேண்டுமென்றால், சிறு மண்சட்டியில் நட்டு, மேலே கூழாங்கல் பரப்பி, சட்டியைக் கழுத்துவரை மணலில் இறக்குங்கள். செடிகளுக்கென விற்கும் சத்துமண்ணை மணலுக்கு அடியில் போட வேண்டாம். ஆரல் அதைத் தோண்டி மேலே கொண்டுவந்து நீரைக் கலக்கிவிடும்.

மிதக்கும் செடிகள் இந்தத் தொட்டிக்கு வரம். ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பில் பாதியை மூடினால் கீழே நிழல் விழும், தொங்கும் வேர்கள் நைட்ரேட்டையும் உறிஞ்சும். மரத்திலிருந்து தானாகப் பழுத்து உதிர்ந்து காய்ந்த நாட்டு வாதுமை இலைகள் ஐந்தாறை மணல் மேல் பரப்புங்கள். மூன்று நாலு வாரத்தில் அவை கிழிந்து சல்லடையாகும்போது புதியவை போடலாம். பூச்சிமருந்து அடித்த மரத்தின் இலை கூடாது.

விளக்கு மங்கலாக, நாளுக்கு ஆறு மணி நேரம் எரிந்தால் போதும். ஆரலை வெளியே பார்க்க விரும்பினால், விளக்கை அணைத்த பிறகு அறையின் தூரத்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் மணலிலிருந்து மூக்கு மட்டும் நீளும். அதன் நுனி மூன்றாகப் பிரிந்திருக்கும். இரு ஓரங்களிலும் உள்ளவை குழல் போன்ற நாசிகள். அந்த நுனி இடமும் வலமும் வளைந்து வளைந்து நீரை மோப்பம் பிடிக்கும். பிறகு கண், அதன் பிறகுதான் உடல். கண் கூர்மை குறைந்த இந்த மீனுக்கு உலகமே வாசனைதான்.

மூடி

வீட்டில் வளர்க்கும் ஆரல்களைக் கொல்வதில் நோய்க்கு இணையானது திறந்த மூடி. தலை நுழையும் இடைவெளி இருந்தால் உடல் தானாக வந்துவிடும். கண்ணாடி மூடி போட்டு, வடிகட்டிக் குழாய், காற்றுக்குழாய், மின்கம்பி ஆகியவை இறங்கும் வெட்டுகளைக் கரடுமுரடான ஸ்பாஞ்ச் துண்டால் இறுக்கமாக அடையுங்கள். கொசுவலை மட்டும் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டினால் போதாது, மூக்கால் தள்ளித் திறக்கும். மூடி இலேசானதாக இருந்தால் மேலே எடை வையுங்கள். நீர்மட்டம் விளிம்பிலிருந்து 6 செ.மீ. கீழே இருக்கட்டும். கொண்டுவந்த முதல் வாரத்திலும், தண்ணீர் மாற்றிய இரவிலும் தப்பிக்கும் முயற்சி அதிகம். தரையில் கிடக்கும் ஆரல் விறைத்துத் தெரிந்தாலும் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். உடல் ஈரமாக இருந்தால் கொஞ்ச நேரம் காற்றிலும் தாங்கும். தொட்டி நீரால் தூசியைக் கழுவிவிட்டு, காற்றுக்குமிழி ஓடும் பக்கம் விடுங்கள்.

வடிகட்டி, நீர், காத்திருப்பு

தொட்டிக்கு வெளியே வைக்கும், மணிக்கு 700 முதல் 850 லிட்டர் வரை தள்ளும் கேனிஸ்டர் வடிகட்டி, அல்லது காற்றுப் பம்பில் ஓடும் பெரிய ஸ்பாஞ்ச் வடிகட்டிகள் இரண்டு போதும். கேனிஸ்டர் என்றால் உறிஞ்சும் முனையில் ஸ்பாஞ்ச் உறை கட்டாயம். உறையில்லாத குழாயை ஆரல் ஒளியும் பொந்தாக எடுத்துக்கொள்ளும். ஸ்பாஞ்ச் வடிகட்டியே போதும் என்பது எங்கள் எண்ணம். மின்சாரம் நின்றாலும் பேட்டரி காற்றுப் பம்பில் அதை ஓட்டலாம்.

வெப்பம் 24 முதல் 28 டிகிரி. சமவெளியில் ஹீட்டர் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் தேவைப்படும். அப்போது ஹீட்டரைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூண்டு மாட்டுங்கள். வெதுவெதுப்பைத் தேடி ஆரல் அதன் மேல் சுற்றிக்கொண்டு வெந்துவிடும். கோடையில் நீர் 31, 32 டிகிரிக்குப் போனால் கரைந்த ஆக்சிஜன் குறையும். காற்றோட்டத்தைக் கூட்டி, மூடியின் ஒரு பகுதியை உறுதியான கம்பிவலையாக மாற்றி, அதன் மேல் சிறு மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள்.

பிஎச் 6.5 முதல் 7.8 வரை எங்கே இருந்தாலும் சரி, அடிக்கடி மாறாமல் இருப்பதே முக்கியம். போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டினால் ஆர்ஓ நீர் கலந்து 300, 400-க்குக் கொண்டுவாருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆன்டி-குளோரின் சொட்டுமருந்து போடுங்கள், அல்லது காற்றுக்கல் போட்டு ஒரு நாள் வைத்திருங்கள்.

இதற்குப் பிறகு மீன் வாங்க ஓடக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வடிகட்டியில் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீனுணவு போட்டு வாருங்கள், அது அழுகி அம்மோனியா தரும். சோதனைப் பெட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு இறங்கி, நைட்ரேட் ஏறத் தொடங்கியதும் தொட்டி தயார். நன்றாக ஓடும் வேறு தொட்டியின் ஸ்பாஞ்சை இதில் போட்டால் இந்தக் காலம் பாதியாகலாம். ஆனால் அந்தத் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும்.

மீன் தேர்வும் உணவும்

விற்பனைக்கு வரும் ஆரல்களில் மிகப்பெரும்பாலானவை ஆறு, குளங்களில் பிடிக்கப்பட்டவை. அதனால் ஒட்டுண்ணியும் வலைக்காயமும் சகஜம். மூக்கு நுனி முழுமையாக இருக்கிறதா, வயிற்றில் சிவந்த கீறல் இருக்கிறதா, முதுகு கத்தி விளிம்பு போல ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே ஒரு புழு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சாப்பிடும் மீனை மட்டும் வாங்குங்கள். வலையில் அள்ளாமல் பிளாஸ்டிக் டப்பாவில் நீரோடு முகக்கச் சொல்லுங்கள். வீட்டில், தொட்டி நீரைக் காற்றுக்குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக அந்த டப்பாவில் ஒரு மணி நேரம் கலந்த பிறகு விடுங்கள், விளக்கு அணைந்திருக்கட்டும்.

செதிலுணவு, குருணை உணவு எதையும் ஆரல் பெரும்பாலும் தொடாது. அதற்கு வேண்டியது புழு, இறால், பூச்சிகளின் இளம்புழு. உரமும் பூச்சிமருந்தும் படாத மண்ணிலிருந்து எடுத்த மண்புழுவே சிறந்த உணவு. ஈரத் துணியில் ஒரு நாள் வைத்தால் வயிற்று மண்ணைக் கழித்துவிடும். கழுவி, மீனின் வாயளவுக்கு நறுக்கிப் போடுங்கள். ஆரல் முதலில் மூக்கால் தொட்டுப் பார்க்கும், பிறகு ஒரு நொடியில் உறிஞ்சிவிடும். உறைந்த இரத்தப்புழு, தோலுரித்து நறுக்கிய புதிய இறால், கொசுப்புழு ஆகியவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். சாக்கடையிலிருந்து வரும் டியூபிஃபெக்ஸ் புழு நோயைக் கொண்டுவரும். மாட்டிறைச்சியின் கொழுப்பு மீனுக்கு எளிதில் செரிக்காது.

விளக்கணைத்து அரை மணி கழித்து உணவு போடுங்கள். மற்ற மீன்கள் இருந்தால் அவற்றுக்கு முதலில் தொட்டியின் மறுகோடியில் கொடுத்துவிட்டு, ஆரலுக்கு நீளமான கண்ணாடிக் குழாய் வழியாக மறைவிடத்தின் வாசலிலேயே இறக்குங்கள். ஆரல் பட்டினியால் சாவதற்கு முதல் காரணம், மேலே வரும் உணவை வேகமான மீன்கள் முடித்துவிடுவதுதான். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரம் மூன்று முறை. புது மீன் ஒரு வாரம், பத்து நாள் சாப்பிடாமல் இருப்பது வழக்கமானதுதான். அப்போது உயிருள்ள புழுவை மட்டும் முயலுங்கள், மறுநாள் காலை மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

கூடவே யாரை விடலாம்

வாயில் நுழையும் அளவுள்ள எதுவும் ஓர் இரவில் மறையும். கப்பி, நியான் டெட்ரா, செர்ரி இறால் வேண்டாம். நடுமட்டத்தில் நீந்தும், 8 செ.மீ.க்கு மேற்பட்ட அமைதியான மீன்கள் பொருந்தும். தென்னிந்திய ஆறுகளைச் சேர்ந்த ஃபிலமென்ட் பார்ப், ஜயன்ட் டேனியோ இரண்டும் ஆற்றங்கரைக் காட்சிக்கும் பொருத்தமானவை. அடிமட்டத்தை உரிமை கொண்டாடும் சிக்லிட் வகைகள் ஆரலை நிம்மதியாக இருக்க விடாது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆரலை வைப்பதானால் ஒரே அளவில் வாங்குங்கள்.

வாராந்தரப் பராமரிப்பும் மருந்தும்

வாரம் ஒருமுறை 40, 45 லிட்டர் மாற்றுங்கள். சைஃபன் குழாயை மணலுக்குள் குத்தாமல், ஓர் அங்குலம் மேலே நகர்த்தினாலே குப்பை ஏறிவிடும். கல்லையோ வேரையோ நகர்த்தும் முன் ஆரல் எங்கே கிடக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வடிகட்டி ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் பாக்டீரியா செத்துவிடும், தொட்டியிலிருந்து எடுத்த நீரில் பிழியுங்கள்.

புது ஆரலுக்கு அடிக்கடி வருவது வெண்புள்ளி நோய். தாமிரம் கலந்த மருந்துகளும், மாலகைட் கிரீன், ஃபார்மலின் கலந்தவையும் ஆரலைச் சீக்கிரம் பாதிக்கும். பாட்டிலில் எழுதியிருக்கும் முழு அளவைப் போட்டு ஆரலை இழந்தவர்கள் ஏராளம். நாளுக்கு ஒரு டிகிரியாக ஏற்றி நீரை 30 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். தாமிரம் இல்லாத மருந்தைப் பாதி அளவில் தொடங்கி, மீன் மூச்சிரைக்கிறதா என்று ஒரு மணி நேரம் பக்கத்திலிருந்து பாருங்கள். புள்ளிகள் மறைந்த பிறகும் சில நாள் தொடர வேண்டும். இந்த நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து எட்டாது, நீரில் நீந்தும் பருவத்தில்தான் அதைக் கொல்லும். வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும்.

நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனால் குடற்புழு இருக்கலாம். அதற்கு மருந்தை ஊகித்துப் போடாமல், மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மணலில் புதையாமல் பகலிலும் வெளியே படுத்துக் கிடக்கும் ஆரலைக் கண்டால், முதல் வேலையாக அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். அவை பூஜ்ஜியமாக இருந்தால், ஆரல் வழக்கமாகக் கிடந்த இடத்தின் மணலைக் கொஞ்சம் அள்ளி முகர்ந்து பாருங்கள்.